தங்கை காலியாக விட்ட டிராக்

தங்கையின் ஹெட்ஃபோனில் இடது பக்கப் பஞ்சு கிழிந்துபோய், பச்சை டேப் சுற்றியிருக்கும். மல்லசமுத்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அதை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள். யாரும் அவளுக்கு இசை சொல்லித் தந்ததில்லை. பக்கத்துத் தறிக்கூடத்தின் தட்டல், தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம், எல்லாவற்றையும் போனில் பதிந்து, நறுக்கி, நீட்டி, வேறொன்றாக்குவாள். ஒருமுறை எவர்சில்வர் தட்டு கீழே விழுந்த ஓசையை மெதுவாக்கிக் கேட்கக் கொடுத்தாள். தண்ணீருக்கடியில் பெரிய மணி ஒன்று அடிப்பது போலிருந்தது. அது எங்கள் வீட்டுத் தட்டுதான் என்றபோது நான் நம்பவில்லை.

நான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். வடக்கே போனால் திரும்ப ஆறேழு மாதமாகும். கம்ப்ரசர் இரைச்சல் காதிலேயே தங்கிவிடும். வீட்டுக்கு வந்த பின்னும் தூக்கத்தில் கேட்கும். ஒருமுறை விடுப்பில் வந்திருந்தபோது, வண்டிகள் நிறுத்தும் யார்டுக்குக் கூட்டிப்போய்க் கம்ப்ரசரைக் கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொன்னாள், பதிந்துகொள்வதற்காக. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

“அந்தச் சத்தத்துக்குப் பயந்துட்டுத்தான் ஊட்டுக்கு வாரேன். இங்கயும் அதைக் கொண்டாராத பாப்பா.”

அவள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு லேப்டாப் பக்கம் திரும்பிவிட்டாள். அடுத்த வாரம் நான் கிளம்பிவிட்டேன். மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஐந்தாம் நாள் எனக்குப் போன் வந்தது. நான் ரயில் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பல மாதம் கழித்து அவளுடைய லேப்டாப்பைத் திறந்தேன். பாதியில் நின்ற ஒரு பாட்டு இருந்தது. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஓசைக்கொரு வரியாக டிராக்குகள், ஒவ்வொன்றுக்கும் பெயர்: தறி, தண்ணி, தட்டு. கடைசியில் ‘அண்ணன்’. அதில் ஒன்றுமே இல்லை. இடம் மட்டும் விட்டு வைத்திருந்தாள். வருடத்தில் பாதிநாள் நான் எந்தச் சத்தத்துக்குள் இருக்கிறேன் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறாள். அதைப் புரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாளானது.

அன்று மதியமே யார்டுக்குப் போய்க் கம்ப்ரசரை ஓட்டிப் பதிந்து வந்தேன். அதைப் பாட்டில் சேர்க்கக் கற்றுக்கொள்ள மூன்று மாதம் பிடித்தது. முதலில் அப்படியே போட்டேன். மற்ற ஓசைகளையெல்லாம் அது விழுங்கிவிட்டது. குறைத்தேன்; காணாமலே போனது. பிறகு தட்டுச் சத்தத்தை அவள் என்னென்ன செய்திருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, திரையிலிருந்த குமிழ்களை அவள் திருகிய அளவுக்கே நானும் திருகினேன். கீச்சொலி அடங்கி, வேகம் குறைந்து, தறிக்கு அடியில் யாரோ மூச்சு விடுவது போல அது ஓடத் தொடங்கியது. என் தோளுக்குப் பின்னால் யாரோ குனிந்து திரையைப் பார்ப்பதுபோல் பிடரி சில்லிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை ஸ்பீக்கரில் போட்டேன். சமையலறையில் அம்மா பாத்திரம் அலம்பும் சத்தம் நின்றது.

“போதும் பாப்பா, நிறுத்திப்போட்டுச் சோறுண்ண வா.”

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே உறைத்திருக்க வேண்டும். குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்துபோகவும் முடியவில்லை, பாட்டை நிறுத்தவும் மனம் வரவில்லை. “வாரேம்மா” என்றேன், தங்கை சொல்வதுபோலவே இழுத்து.