சூடானில் ஒரு வகுப்பறை

டாலிகஞ்சில் ஒரு பெண்கள் பள்ளியில் மாதவி பூகோள ஆசிரியை. தாத்தா காலத்திலேயே கொல்கத்தாவுக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். லேக் கார்டன்ஸ் வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும்தான். கல்யாணம் கூடிவரவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "எனக்கு வருஷா வருஷம் ஒரு வகுப்பு நிறையப் பெண் குழந்தைகள்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவாள்.

ஆப்பிரிக்காவைப் படத்தில் மட்டும் காட்டி நடத்துவது அவளுக்குப் பிடிக்கவில்லை. இணையத்தில் தேடி, சூடானில் கார்ட்டூம் நகருக்கு வெளியே ஒரு சின்னப் பெண்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஹனான் என்ற ஆசிரியையைப் பிடித்தாள். மாதம் ஒருமுறை இரண்டு வகுப்புகளும் வீடியோவில் பார்த்துக்கொண்டன. இந்தப் பெண்கள் துர்கா பூஜைக்கு வாங்கிய புதுத் துணியைக் காட்டுவார்கள். அந்தப் பெண்கள் கைதட்டிப் பாடுவார்கள்.

அந்தப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். ஆறாம் வகுப்புக்காக எழுப்பிய சுவர்கள் கூரையில்லாமல் வெயிலில் நின்றன. ஐந்து முடித்த பெண்கள் வீட்டோடு இருந்தார்கள். வசதி இருந்தால் வெளியூர் போனார்கள்.

"அந்தக் கூரையை நாம போட்டுக் கொடுக்கலாமா மிஸ்?" என்று முதலில் கேட்டவள் மேக்னா. மத்திய அரசு அதிகாரி வைத்தியநாதனின் மகள். மாற்றலாகி வந்த குடும்பம். பள்ளியில் தமிழ் பேச அவளுக்கு மாதவி ஒருத்திதான் இருந்தாள். அந்த உரிமையில் எதையும் கேட்பாள்.

2022 பூஜை சமயத்தில் பந்தல் பக்கம் மேஜை போட்டு, பெண்கள் தாங்களே வரைந்த வாழ்த்து அட்டைகளை விற்றார்கள். குளிர் தொடங்கியதும் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்தார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் மாமா, அத்தை, 'காக்கு' என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவர் பணம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். செருப்பு கடித்துக் காலில் கொப்புளம் வந்தும் மேக்னா நிற்கவில்லை. "ஆம்னாவுக்காக" என்றாள்.

ஆம்னா அங்கே ஐந்தாம் வகுப்பு மாணவி. அரைகுறை ஆங்கிலத்தில் இருவருக்கும் அப்படி ஒரு சிநேகம். கடலோர ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அவளைப் படிக்க அனுப்புவதாக இருந்தது. அனுப்பிய பணத்தில் பிப்ரவரியில் கூரை போட்டு முடிந்ததும் புது அறையிலிருந்தே ஆம்னா பேசினாள். "நான் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. இங்கேயே படிக்கப் போகிறேன்!" இந்தப் பக்கம் மொத்த வகுப்பும் கத்தியது. மாதவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில், வங்காளப் புத்தாண்டு விடுமுறையில், கார்ட்டூமில் சண்டை மூண்டதாகத் தொலைக்காட்சியில் சொன்னார்கள். மாதவி ஹனானைக் கூப்பிட்டாள். மணி அடிக்கவே இல்லை.

தலைமையாசிரியை, "குழந்தைகளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். லைன் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். மாதவி அப்படியே சொன்னாள். பெண்களும் நம்பி, அடுத்த சந்திப்புக்கு ஒரு பாட்டைப் பழகினார்கள். அவர்கள் பாடும்போது அவள் வராந்தாவுக்குப் போய்விடுவாள். கோடை விடுமுறை முடிந்து வந்த முதல் வாரம், நாற்காலியை இழுத்து அவர்கள் நடுவில் போட்டு உட்கார்ந்து உண்மையைச் சொன்னாள். அங்கே யுத்தம் நடக்கிறது, நம் சிநேகிதிகள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. சில பெண்கள் அழுதார்கள். மேக்னா அழவில்லை.

மறுநாள் வைத்தியநாதன் வந்தார். "என்ன மேடம் இது? ராத்திரி பூரா தூங்கலை அவ. சின்னக் குழந்தைகிட்ட போய் யுத்தம் கித்தம்னு சொல்லலாமா?"

"இல்லாததைச் சொல்லி ஏமாத்த முடியலை சார்."

"அப்ப ஆரம்பிச்சிருக்கவே கூடாது."

இன்னும் சில பெற்றோர்களும் புகார் சொன்னார்கள். வெளிநாட்டுப் பள்ளியோடு தொடர்பு வைக்கும் வேலை வேறொரு ஆசிரியைக்குப் போயிற்று.

மழைக்காலத்தில் ஹனானின் குரல் வந்தது, கெய்ரோவிலிருந்து. தங்கையோடு பஸ்ஸில் எல்லை தாண்டியிருக்கிறாள். பள்ளியில் குண்டு விழுந்து கூரை சரிந்துவிட்டது. அப்போது உள்ளே யாரும் இல்லை. சில குடும்பங்கள் தப்பிவிட்டன. "ஆம்னா வீட்டாரைப் பற்றி மட்டும் எங்கே விசாரித்தும் தெரியவில்லை" என்றாள்.

மாதவி இதை மேக்னாவிடம் மட்டும் சொன்னாள், வைத்தியநாதனிடம் கேட்டுக்கொண்டு, அவர் வீட்டிலேயே. மேக்னா வெகுநேரம் சோபா உறையின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மிஸ், சித்தி இருக்கற ஊர்ல சண்டை இருக்கா?"

"இல்லைம்மா."

"நாம கூரை போடாம இருந்திருந்தா, அவ அங்க போயிருப்பா இல்லையா?"

வைத்தியநாதன் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். மாதவி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். "நீ நல்லதுதான் பண்ணின கண்ணா. சண்டை போட்டது நாம இல்லை" என்றாள். "தெரியும்" என்றது குழந்தை. அதற்குப் பிறகுதான் அழுதது.

அன்று கீழே ஆட்டோ வரை கூட வந்தார் வைத்தியநாதன். "அன்னிக்கு ஏதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றார். மாதவி ஆட்டோவில் ஏறினாள். மேக்னா கேட்ட அந்தக் கேள்வி மாதவி மனதிலும் பல நாளாக இருந்ததுதான். ஒரு குழந்தை அதை வாய்விட்டுக் கேட்டதும் தாங்கவில்லை.

அடுத்த வருஷம் மேக்னா குடும்பத்துக்கு விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாயிற்று. பள்ளி இப்போது வேறொரு நாட்டுப் பள்ளிக்கு உதவுகிறது. குழந்தைகள் உற்சாகமாகப் பணம் திரட்டுகிறார்கள். மாதவி அந்தப் பக்கம் போவதில்லை. தடுப்பதும் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் ஹனானோடு பேசுகிறாள். கெய்ரோவில் வாடகை அறையில் அகதிப் பிள்ளைகளை உட்கார வைத்து ஹனான் பாடம் நடத்துகிறாள். இருவரும் காய்கறி விலை பேசுவார்கள், மாதவியின் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று பேசுவார்கள். ஆம்னாவைப் பற்றி இதுவரை ஒரு தகவலும் இல்லை. அவள் பெயரை இருவருமே முதலில் எடுப்பதில்லை. ஆனால் போனை வைக்கும் முன், "வேறு ஏதாவது சேதி உண்டா?" என்று இருவரும் கேட்டுக்கொள்வார்கள்.