மூக்கில்லாத வீரன்

அந்த வீரனின் ஈட்டி வளைந்திருந்தது. முகத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. ஆள் என்னவோ கட்டைவிரல் உயரம்தான். மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்காகப் பிசினை அச்சில் ஊற்றி இப்படி வீரர்கள் செய்யும் பட்டறையில் மாமா சிங்கப்பூரில் வேலை பார்த்தார். காற்றுக் குமிழி விழுந்தவை விலைபோகாதாம். அப்படி ஒன்றை ஊருக்கு வந்த ஓர் ஆளிடம் அத்தைக்குக் கொடுத்தனுப்பியிருந்தார்.

“சரிபண்ணி பெயிண்ட் அடிச்சு வைக்கச் சொன்னாருங்க. பொங்கலுக்கு வந்து பாப்பாராம்” என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அத்தை என் அப்பாவின் தங்கை. கல்யாணமான ஒரே மாதத்தில் மாமா விமானம் ஏற, அவள் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டாள். அப்போது நான் பள்ளிக்கூடம் சேரவில்லை; பொம்மை வந்தபோது நான்காம் வகுப்பு.

வடித்த கஞ்சியின் சூட்டில் முக்கி ஈட்டியை நிமிர்த்தினாள். பெயிண்டுக்கு எங்கே போவது? போன வருஷ மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் அடித்ததில் நீலமும் சிவப்பும் மிச்சமிருந்தன. அடித்தவுடன் சட்டைப் பொத்தான், இடுப்புவார் எல்லாம் அதில் மூழ்கிப்போயின.

“அத்தை, நம்ம காளை ரெண்டு கால்ல நிக்கிற மாதிரி இருக்கு!”

சிரித்துக்கொண்டே மண்ணெண்ணெய் தொட்டு அத்தனையையும் துடைத்தாள். பிறகு பெயிண்டை நீர்க்கக் கலந்து, ஈர்க்குச்சி முனையில் தன் முடியைக் கட்டித் தீட்டினாள். பொத்தான்கள் திரும்ப வந்தன.

முகத்தில்தான் வேலை நின்றது. மோட்டார் குழாய் ஒழுகினால் அடைக்கிற பசையைப் பிசைந்து குழியில் வைத்து, ஊசியால் கூர்மையாக ஒரு மூக்கு எடுத்தாள். பார்த்தாள். அழித்தாள். சப்பையாக ஒன்று வைத்தாள். அதையும் அழித்தாள்.

“சீக்கிரம் அத்தை, இறுகிடும்.”

“மாமாவுக்கு மூக்கு எப்படிடி இருக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? நீதானே கட்டிக்கிட்ட!”

அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தாள். “ஒரு மாசம் குடித்தனம் பண்ணியும் அவர் மூக்கைப் பாக்கலையா நீ?”

“நான் எங்க அண்ணி நிமிந்தேன்?” என்றாள் அத்தை. வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படத்தை எடுத்துவந்து பார்த்தோம். மாமா குனிந்து தாலி கட்டுகிறார். மாலைக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரிந்தது. அதற்குள் பசை இறுகிவிட்டது. வீரன் மூக்கில்லாமலே நின்றான். அத்தை அன்று சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு பொம்மைக்குப் போய் இவ்வளவு வருத்தமா என்று எனக்கு அலுப்பாக இருந்தது.

போகிக்கு முதல் நாள் மாமா வந்தார். அப்பா அறுப்பு வயலில் இருந்ததால் அத்தையும் நானும்தான் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து பெட்டியோடு இரண்டு ஆண்கள் இறங்கினார்கள். அத்தை என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

“நீ போயி மாமான்னு கூப்பிடு. யாரு திரும்புறாங்கன்னு பாரு.”

அத்தைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். கூப்பிட்டதும் ஒருவர் திரும்பி, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“மச்சான் பொண்ணா நீ? இம்புட்டு வளந்துட்டியா!” என்று தலையைத் தடவினார். பிறகு நிறுத்தத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

“அத்தை எங்கம்மா நிக்கிறா?”

அத்தை எதிரிலேதான் நின்றாள், பச்சைப் புடவையில். கையை நீட்டிக் காட்டினேன். பாவம், சிங்கப்பூரில் மாமாவுக்குக் கண் கெட்டுவிட்டது என்று நினைத்து, பெட்டியின் ஒரு பக்கத்தை நானே பிடித்துக்கொண்டேன்.