பேர் இல்லாமல் ஜீப் இல்லை

எங்கள் தலைவர் செத்துப் போனதாகப் போன மாதம் எனக்கும் சொல்லி அனுப்பினார்கள். நான் போகவில்லை. கடையைக்கூட மூடவில்லை. செத்தவரைக் குறை பேசக்கூடாது என்பார்கள். அதற்காக அவர் பேரை மட்டும் விட்டுவிடுகிறேன். மற்றதை எழுதத்தான் போகிறேன்.

நான் ஆலங்காயத்தில் தையல்காரன். எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு வியர்த்துவிடும். ஐம்பதை நெருங்கும் இந்த வயதிலும் அப்படித்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் என் கடைக்கு எதிரே ஒரு பட்டை மண்டி இருந்தது. தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை வாங்கி வாணியம்பாடிக்கு அனுப்புவார்கள். மண்டி முதலாளி பாய், மலைமேல் இருந்த தம் கிடங்கிலிருந்து மண்டி வரைக்கும் கம்பி இழுத்து டெலிபோன் வைத்திருந்தார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. கைப்பிடியைச் சுற்றினால் எதிர்முனையில் மணி அடிக்கும். வேறு எங்கேயும் பேச முடியாது.

ஒரு சமயம் கிடங்கில் வேலை செய்தவர் ஒருவர் பாம்பு கடித்து இறந்தார். அன்றைக்கு மண்டியில் மணி அடித்தபோது எடுக்க ஆளில்லை. அதன்பிறகு பாய், "ஆபத்துன்னா மலையில யார் வேணா இத்தச் சுத்தலாம். இங்க எடுக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கணும், அவ்ளோதான்" என்றார். ஊரிலிருந்து ஐந்து பேர் வந்தோம். முறை வைத்து உட்கார்ந்தோம். சம்பளம் கிடையாது. டெலிபோனில் முகம் தெரியாது என்பதால்தான் நான் சேர்ந்தேன். முகம் தெரியாவிட்டால் எனக்குக் கொஞ்சம் பேச்சு வரும்.

தலைவரை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வந்த முதல் நாளே பெரிய நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பாய்க்குத் தாலுகா ஆபீசில் ஏதாவது காரியம் இருந்துகொண்டே இருக்கும். அதனால் பாய் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பவில்லை. என்னை அவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இன்னாடா ஊமைத் தையலு, இன்னிக்கு எத்தினி வார்த்த பேசின?" என்பார். மற்ற மூவரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மலைக்குப் போக ஜீப் தந்தது ஒரு மரக் குத்தகைதாரர். எங்களில் ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் டிரைவர் கிளம்புவார். ஒரு தரம் கடும் காய்ச்சல் என்று கேட்டு ஜீப் போனது. அங்கே நோயாளியைக் காணோம். சந்தைக்கு ஏற்ற வேண்டிய பலாப்பழங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். டிரைவர் வந்து சொன்னதும் தலைவர் குதித்தார். அன்றைக்கே சட்டம் போட்டார். சீட்டில் வீட்டு ஆண்பிள்ளையின் பேர் எழுத வேண்டும். பேர் இல்லாமல் ஜீப் இல்லை. "நாளைக்கு ஏமாத்தினா யாரப் புடிக்கறது? பேரு இருந்தா கூப்ட்டு ஒதைக்கலாம்ல?"

எங்கள் பக்கம் புருஷன் பேரை எந்தப் பெண்ணும் வாயால் சொல்லமாட்டாள். கீழேயும் அப்படி, மலையிலும் அப்படி. இது அவருக்குத் தெரியாதா? அவர் மனைவியும் அவரை "இன்னாங்க" என்றுதான் கூப்பிட்டார். அதுவரை ஆண்களே பேசிவந்ததால் சட்டத்தில் இருந்த கோளாறு யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

ஒரு பங்குனி மாதம், உச்சி வெயில். தலைவர் முறை முடிந்து என் முறை தொடங்கும் நேரம். மணி அடித்தது. அவர் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கே அந்தக் குரல் கேட்கும்படி ஒரு பெண் கத்தினாள்.

"ஐயா, எங்கூட்டுக்காரர கரடி அடிச்சிட்டுது! மூஞ்செல்லாம் கிழிச்சிட்டுது. கெடங்கு வாசலாண்ட படுக்க வெச்சிருக்கேன். வண்டி அனுப்புங்க!"

"பேரச் சொல்லு."

அவள் தன் ஊரின் பேரைச் சொன்னாள்.

"ஊரு கெடக்கட்டும். ஆளு பேரு?"

"அத்த நான் எப்டிங்க சொல்றது?" என்றாள்.

"வாயாலதான்."

"கும்புடறேங்க…"

"பக்கத்துல ஆம்பள யார்னா கீறானா? அவங்கிட்ட குடு."

"யாருமில்லீங்க. பட்ட உரிக்கப் போய்ட்டாங்க. வாட்ச்மேனும் இல்ல. நான் ஒருத்திதான்."

"சரி, மாமனார் பேரு?"

"அதும் சொல்லக் கூடாதுங்களே."

"அப்போ ஜீப்பும் வரக் கூடாதுங்களே" என்று அவளைப் போலவே இழுத்துச் சொல்லிவிட்டு வைத்தார். என்னைப் பார்த்து, "பலாப்பழக் கேசு" என்றார்.

மறுபடி மணி அடித்தது. அவர் எடுக்கவில்லை. என்னையும் எடுக்கவிடவில்லை. வெற்றிலை போட்டுக்கொண்டார். மணி நிற்கும், கொஞ்சம் கழித்து அடிக்கும். நான் மேஜையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து என் கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பொய் சொல்லவில்லை என்று முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். அரைமணிக்கு மேல் இருக்கும். அவர் சாப்பாட்டுக்கு எழுந்தார்.

"பேர் இல்லாம சீட்டு எழுதினே, தைக்கறதுக்குக் கையி இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியதும் கைப்பிடியைச் சுற்றினேன். உடனே எடுத்தாள். அழுகை நின்று போயிருந்தது. மூச்சு மட்டும் கேட்டது.

என் கடையில் பெண்கள் தைக்கக் கொடுக்கும் துணியில் ஒரு துண்டுச் சீட்டைக் குத்தி வைப்பது வழக்கம். யார் வீட்டுத் துணி என்று கேட்டால் பதில் வராது. அதனால் அவரவர் பேரையே கேட்டு எழுதிக்கொள்வேன். பத்து வருஷமாகச் செய்கிற காரியம். அன்று அது ஞாபகம் வருவதற்கு அரைமணி ஆயிற்று.

"அம்மா, உன் பேரு இன்னா?"

"எம் பேரா?"

"உன் பேருதான்."

சொன்னாள். எழுதினேன். ஓடிப்போய் டிரைவரிடம் கொடுத்தேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாபா, பொம்பள பேரா கீது? தலைவரு திட்டுவாரே."

"என்னத் திட்டட்டும். நீ போ."

"அடேங்கப்பா, ஊமை பேசுது!" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார்.

அந்த ஆளை வாணியம்பாடிக்குக் கொண்டு போனார்கள். உயிர் பிழைத்தது.

அன்று சாயங்காலமே மண்டியில் கூட்டம் போட்டார்கள். தலைவர் என் சீட்டைத் தூக்கிக் காட்டினார். "பொம்பள பேர்ல ஜீப் அனுப்பி இருக்கான். நாளைக்கு ஆட்டுக்குட்டி பேர்லயும் அனுப்புவான்!" சிரித்தார்கள். "ஆளு பொழச்சிட்டான்ல, வுடுங்க" என்று பாய் மெதுவாகச் சொன்னார். சொன்னாரே தவிர, தலைவரை எதிர்க்கவில்லை. இனிமேல் நான் வர வேண்டாம் என்று முடிவாயிற்று. வேட்டி நுனியில் கையைத் துடைத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். அவர்களை மனதில் வைதுகொண்டே இரண்டு மாதம் துணி வெட்டினேன். நல்லது செய்து கெட்ட பேர் வாங்கினவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

அந்தப் பெருமை ஒரு சந்தை நாளில் போயிற்று. ஒரு ஆளும் பெண்ணும் விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். அவன் தலையில் துண்டைச் சுற்றி இருந்தான். வந்ததும் அதை அவிழ்த்தான். நெற்றியிலிருந்து தாடை வரை தையல். இடது கண் இருந்த இடம் மூடிக் கிடந்தது.

"நீதான சீட்டு எழுதினது?" என்று கத்தினான். "பாத்துக்க. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா கண்ணு தப்பிச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாரு. பேரு பேருன்னு எம் பொஞ்சாதிய நிக்க வெச்சியே, என் பேரு தெரிஞ்சி இன்னா பண்ணப் போற, கல்யாணப் பத்திரிகையா அடிக்கப் போற?"

சந்தைக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிரே மண்டியில் தலைவர் நாற்காலியில் இருந்தார். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

அவள்தான் புருஷனின் கையைப் பிடித்தாள். "கத்தாத. இவுரு இல்ல. கத்தினது வேற ஆளு. இவுரு கொரலு மெதுவா இருந்துது. எம் பேரக் கேட்டாரே, அவுரு."

அவன் அடங்கினான். எனக்கு மூச்சு வந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்த ஆளு என்ன வையறப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதான்" என்றேன்.

"அவ்ளோ நேரமும் மணி அடிச்சேனே. அப்பவும்?"

"அப்பவும்."

அவள் துண்டை எடுத்துப் புருஷன் தலையில் பழையபடி சுற்றிவிட்டாள். கண் போன பக்கமாக வந்து நின்று, அவன் தோளைப் பிடித்துக் கூட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனாள்.