படத்தில் இல்லாத பக்கம்

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே ஷுக்ரியின் ஹார்ட்வெயார் கடை. பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் கடை பூட்டு. மேல்மாடி மட்டும் எங்களுக்காகத் திறந்திருக்கும். மரத்தில் சிறுகப்பல் கட்டும் பைத்தியங்கள் நாங்கள் நான்கு பேர். அவரவர் கப்பலை மேசையில் வைப்போம், மற்றவர்கள் குறை கண்டுபிடிப்போம். குறை சொல்வதில் நான்தான் முந்திக்கொள்வேன். அரசாங்கக் கச்சேரியில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்தவனுக்கு வேறென்ன வரும்?

கிருஷ்ணராஜுக்கு மடுல்சீமையில் தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக் வேலை. வயது ஐம்பது. டிசம்பர் போயாவுக்குத் தன் கப்பலைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். சாக்கைப் பிரித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் முழுக்கப் பலகைக் கீற்று ஒட்டி, ஜன்னல் வைத்து, பெயின்டும் அடித்தாயிற்று. மறுபக்கம் வெறும் எலும்புக்கூடு. பசை காய்ந்து இழுத்ததில் நடுக்கட்டையே வளைந்து, கப்பல் வாழைக்காய்போல் கிடந்தது.

"என்ன வேலை பாத்திருக்கிறீர்? இந்தப் பக்கம் ஒரு கீற்று ஒட்டினா உடன மற்றப் பக்கமும் ஒண்டு ஒட்டவேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"சொன்னீங்க, சிவஞானம் ஐயா. ஆனா அந்தப் பக்கம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுங்களே."

சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய படத்தை எடுத்து வைத்தார். தலைமன்னார் துறையில் நிற்கும் கப்பல். மேல்தட்டில் கம்பியைப் பிடித்தபடி அவருடைய அக்கா விஜயலெட்சுமி. அக்கா வாழ்க்கைப்பட்ட குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போர்ட். எண்பத்திரண்டில் அவர்களோடு போய்விட்டார். ஏழு வயதுத் தம்பியைப் பதுளை ரயில் ஸ்டேஷன் வரைதான் கூட்டிவந்தார்கள். கோச்சி புறப்படும்போது அக்காவின் சேலையை விடாமல் பிடித்திருந்த இவரை அப்பா இழுத்தெடுத்தாராம். சித்தப்பா மட்டும் துறைவரை போய் இந்தப் படத்தை எடுத்து வந்தார்.

அக்காவைப் பார்க்கவென்று கிருஷ்ணராஜ் இரண்டு தடவை பாஸ்போர்ட் எடுத்தார். முதல் தடவை அப்பா படுக்கையில் விழுந்தார். அடுத்த தடவை மகளின் படிப்பு. இரண்டு பாஸ்போர்ட்டும் காலாவதியாகின. அக்காவுக்கு இப்போது நடக்க முடியாது. இந்தப் பொங்கலுக்கு நீ போன கப்பலோடு கூடலூருக்கு வருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். பொங்கலுக்கு ஆறு வாரம் இருந்தது.

"தூக்கிப் போட்டுர்றேங்க. வெறுங்கையோட போய் நிக்கிறேன்."

"போடாதீங்க," என்றார் ஷுக்ரி. "சுடுதண்ணித் துணிய வச்சா பசை எளகும். எல்லாத்தையும் கழட்டி மறுக்கா ஒட்டுவம்."

"உம்மட அக்காவிட்டையே மற்றப் பக்கத்தைக் கேளும்," என்றேன் நான். "அதில போனவ அவதானே."

அங்கேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் எங்களுக்கும் கேட்டது.

"அக்கா, கப்பலோட அந்தப் பக்கம் எப்படி இருந்திச்சு? ஜன்னல் எத்தன?"



"அந்தப் பக்கம் நான் போகவே இல்ல தம்பி. இந்தியா தெரியுதுன்னு எல்லாரும் அங்கிட்டு ஓடுனாங்க. நான் நம்ம கரையப் பாத்துக்கிட்டு இங்கிட்டே நின்னுட்டேன். கர மறைஞ்ச பொறகும் நின்னேன்."

ஷுக்ரி கேத்தலில் தண்ணீர் வைத்தார். நாலு பேருமாக அன்று மாலைவரை கீற்றுகளைக் கழற்றினோம்.

ஜனவரிப் போயாவுக்குக் கப்பல் திரும்பி வந்தது. நூல் பிடித்தாற்போல் நேராக நின்றது. கிருஷ்ணராஜின் சட்டைப்பையில் படத்தோடு புதுப் பாஸ்போர்ட்டும் இருந்தது. நான் கப்பலைத் திருப்பிப் பார்த்தேன். மறுபக்கத்தில் பலகை மட்டும் வழுவழுவென்று இருந்தது, பெயின்ட் இல்லை.

"ஜன்னல் எங்கை?" பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"அக்கா பாக்காத பக்கங்க ஐயா. அத நான் இட்டுக்கட்டி வைக்கலாமா?"

அவர் கப்பலைச் சாக்கில் சுற்றும்போது ஒரு முனையை நானே பிடித்துக்கொண்டேன்.