தைத்துப் படித்த புத்தகம்

பெரியக்கா தன் வாழ்நாளில் முதன்முதலாக ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்தது, அதைத் தைக்க வேண்டி வந்ததால்தான்.

அவளுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் துணி அறையில் வேலை. கட்டிடத்தின் பின்பக்கம், சலவை இயந்திரங்கள் கடகடக்கும் கூடத்தை ஒட்டிய நீள அறை அது. துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் பார்ப்பது, டாக்டர்களின் பச்சை அங்கிகளில் அறுந்துபோன நாடாக்களை வைத்துத் தைப்பது, நைந்த விரிப்புகளை வெட்டித் தலையணை உறையாக்குவது என்று நாள் ஓடிவிடும். வீட்டில் மூத்த பெண். தம்பி தங்கைகளுக்குச் சட்டை தைக்கத் தொடங்கிய கை, பிறகு ஓயவே இல்லை. ஆஸ்பத்திரியிலும் எல்லோருக்கும் அவள் பெரியக்காதான். அவளைவிட வயதில் மூத்த மேலாளர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

அவள் கணவர் ஓய்வு பெற்ற டவுன் பஸ் டிரைவர். "நான் ஓட்டின தூரத்தை நீட்டிப் போட்டா நிலாவுக்கே போயிட்டு வந்திருக்கலாம். ஆனா போனதெல்லாம் மார்க்கெட்டும் ஸ்டேஷனும்தான்" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். பெரியக்காவும் எங்கும் போனவள் இல்லை. ஒரே மகளைக் கட்டிக் கொடுத்த ஊர்தான் அவள் பார்த்த தூரதேசம்.

அந்த வருஷம் துணி அறைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். வேறு நாட்டுக்காரி. பெரியக்கா வயதுதான் இருக்கும். மகனுக்கு இங்கே வேலை கிடைக்க, பேரப்பிள்ளைகளைப் பிரிந்திருக்க முடியாமல் கூடவே வந்துவிட்டவள். கிளம்புவதற்கு முன்பே தன் ஊரில் உட்கார்ந்து புத்தகம் வைத்துத் தமிழ் கற்றிருந்தாள். முதல் நாள் வாசலில் நின்று கைகூப்பினாள்.

"வணக்கம். இன்று முதல் நான் உங்களுடன் பணியாற்றவிருக்கிறேன். தங்கள் ஆதரவை நாடுகிறேன்."

இஸ்திரி மெஷினில் நிற்பவளுக்கு வாயாடி என்று பெயர். காரணப் பெயர்தான். "அடேயப்பா! அடுத்து வானிலை அறிக்கை வருமா?" என்று கேட்டாள். அறையே சிரித்தது. அன்றிலிருந்து வந்தவளுக்கு ரேடியோ என்று பெயர் விழுந்துவிட்டது.

மதியம் பெரியக்கா தன் சாப்பாட்டு டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள். "எடுத்துக்கோங்க, நிறையவே இருக்கு."

"வேண்டாம், நன்றி" என்றாள் ரேடியோ.

மறுநாள் டீ வந்தபோது ஒரு டம்ளரை நீட்டினாள். அதற்கும் "வேண்டாம், நன்றி". வேறொரு நாள் பழம் நறுக்கிக் கொடுத்தாள். அதற்கும் அதே பதில். பெரியக்காவுக்குச் சுருக்கென்றது. "என் கையில என்ன கரியா பூசியிருக்கு?" என்று வாயாடியிடம் பொருமினாள். "தலைக்கனம்க்கா. விடுங்க" என்றாள் வாயாடி. பெரியக்காவும் விட்டுவிட்டாள். ரேடியோ ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவாள். நூல்கண்டு கேட்டால் கொடுப்பாள், கத்திரிக்கோல் கேட்டால் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு பேச்சு கிடையாது.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்து அண்ணன் வந்து நின்றார். நோயாளிகள் படிப்பதற்காகப் புத்தகங்களை வண்டியில் வைத்து வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகிறவர். கையில் ஒரு பொட்டலம். பிரித்தால், அட்டை வேறு பக்கம் வேறாகப் பிய்ந்துபோன ஒரு புத்தகம்.

"பெரியக்கா, இதைக் கொஞ்சம் தைச்சுக் குடுங்களேன். எலும்பு முறிவு வார்டுல தினம் ஒருத்தர் கேக்கறாங்க."

"அண்ணே, நான் துணி தைக்கிறவ. காகிதம் தைக்கிறவ இல்ல."

"ஊசி ஒண்ணுதானே!"

மறுக்க மனசு வரவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போனாள். தைப்பது பெரிய காரியமாகத் தெரியவில்லை. பக்கங்களை வரிசைப்படுத்துவதுதான் உயிரை வாங்கியது. புத்தகம் எப்போதோ மழையில் நனைந்து, மூலைகளைப் பூச்சி அரித்து, பக்க எண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஒரு பக்கத்தின் அடியில் 'அவர் கதவைத்' என்று அந்தரத்தில் நிற்கும். 'தட்டினார்' என்று தொடங்கும் தாள் எங்கே, 'திறந்தார்' என்று தொடங்கும் தாள் எங்கே என்று கட்டில் முழுக்கப் பரப்பித் தேட வேண்டும். எது சரியென்று தெரிய, கதையைப் படித்தே ஆக வேண்டும்.

"என்ன, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார் கணவர்.

"பேசாம இருங்க. இந்தம்மா ரயிலை விட்டுட்டு நடுவழியில நிக்கிறாங்க. அடுத்த பக்கத்தைக் காணோம்."

ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, தன்னந்தனியாக வெளிநாட்டில் சுற்றிய பயணத்தை எழுதியிருந்தார். பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. செருப்பு கடித்தது, வழி தவறியது, யாரோ ஒரு பெண் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க இடம் கொடுத்தது, இப்படித்தான் போனது. படிக்கப் படிக்கப் பெரியக்காவுக்கு ஏதோ பக்கத்து வீட்டம்மா வந்து உட்கார்ந்து சொல்வதுபோல் இருந்தது. ஏறக்குறைய பாதி சேர்ந்த பிறகுதான் கவனித்தாள். அந்த நாடு, ரேடியோவின் நாடு.

அதற்குப் பின் ஊசி ஒரு பக்கம் கிடக்க, கண் மட்டும் ஓடியது. ஓரிடத்தில் ஆசிரியை, இடம் கொடுத்த பெண்ணுக்கு ஒரு பை ஆரஞ்சு கொடுக்கிறார். அவள் வேண்டாம் என்கிறாள். இன்னொரு தடவை நீட்டுகிறார். வேண்டாம் என்கிறாள். சரியென்று பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு ரயிலேறி, தானே தின்று தீர்க்கிறார். ரயிலில் கூட வந்த ஒருத்தர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறார். 'எங்கள் பக்கத்தில் முதல் வேண்டாம் உங்களுக்கு மரியாதை. இரண்டாவது வேண்டாம் தனக்கு மரியாதை. மூன்றாவது தடவை கேட்டால்தான் வயிறு பதில் சொல்லும். பாவம், அந்தப் பெண் எவ்வளவு வருந்தியிருப்பாள்!'

பெரியக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவமே" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் மதியம் டப்பாவோடு நேராக ஜன்னலோரத்துக்குப் போனாள். வாயாடி மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தாள்.

"கொஞ்சம் சாப்பிடுங்க."

"வேண்டாம், நன்றி."

"சும்மா ஒரு வாய்."

"வேண்டாம். உங்களுக்குப் போதாமல் போய்விடும்."

பெரியக்கா மூச்சை இழுத்துவிட்டாள். "நான் மூணாவது தடவை கேக்கறேன். சாப்பிடறீங்களா, இல்லையா?"

ரேடியோ நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு சிரிப்பு, சிரிப்போடு கண்ணில் நீர். "சாப்பிடுகிறேன்" என்றாள். நகர்ந்து இடம் விட்டாள்.

இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள். "நீங்கள் ஒரு முறைதான் கேட்டீர்கள். உங்களுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று எண்ணினேன்" என்றாள் ரேடியோ. "அதுமட்டுமன்று. முதல் வாரம், ஒரு மாலை, நீங்கள் பையை எடுத்துக்கொண்டு என்னிடம் 'வரேன்' என்று கூறினீர்கள். நான் காத்திருந்தேன்."

"எங்க?"

"இங்கேதான். விளக்கை அணைக்க ஆள் வரும் வரை. நீங்கள் வரவேயில்லை."

பெரியக்காவுக்குப் புரை ஏறிவிட்டது. இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவே, "ஐயோ, வரேன்னா போறேன்னு அர்த்தம்மா!" என்றாள்.

"அறிவேன். பிற்பாடு நூலக வண்டியில் ஒரு கதைப் புத்தகம் எடுத்தேன். அதில் ஒருவன் 'வரேன்' என்று சொல்கிறான், அவன் மனைவி அழுகிறாள். வருகிறவனுக்காக ஏன் அழுகிறாள் என்று மறுபடி மறுபடி படித்தேன். அப்போதுதான் விளங்கியது. போகிறேன் என்று சொல்ல உங்களுக்கு மனம் வருவதில்லை. அதன் பிறகு உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை."

இவள் ஒரு பக்கம் படித்துக்கொண்டிருக்க, அவளும் தன் பங்குக்கு இவளைப் படித்திருக்கிறாள். பெரியக்கா டப்பாவை அவள் பக்கம் இன்னும் நகர்த்தினாள். "இன்னும் கொஞ்சம் எடுத்துக்கோ" என்றாள்.

ரேடியோ முகம் வாடிப் போனாள். "நான் தவறாக ஏதேனும் சொன்னேனா? 'நீங்கள்' எங்கே போயிற்று?"

"அது போகட்டும் விடு. பிரியமானவங்ககிட்ட அது எதுக்கு?"

அதன் பிறகு மதிய வேளையெல்லாம் புத்தக வேளை ஆனது. நூலகத்து அண்ணன் தைக்கக் கொடுக்கும் புத்தகங்களைத் தைத்து முடித்ததும் இருவரும் படித்தார்கள். ரேடியோவுக்கு எழுத்துத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, பேச்சுத் தமிழ்தான் இடிக்கும். "'கடன்காரன் கம்பி நீட்டிவிட்டான்' என்று போட்டிருக்கிறது. எந்தக் கம்பி? எவ்வளவு நீளம்?" என்று கேட்பாள். வாயாடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு அவளும் மெல்ல வந்து பக்கத்தில் உட்காரத் தொடங்கினாள். வார்டுக்குத் துணி கொண்டுபோகும்போது அங்கே யார் எந்தப் புத்தகம் படிக்கிறார்கள் என்று பெரியக்கா பார்ப்பாள். முன்பெல்லாம் அவளுக்குக் கட்டில் எண் மட்டும்தான் தெரியும். இப்போது 'முடிவுல அந்தப் பொண்ணு திரும்பி வந்துட்டாளா?' என்று கேட்டுவிட்டு நகர்வாள். கால் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர் முகம் மலரும்.

ஒரு காலையில் அவள் கணவர் குளியலறையில் தலைசுற்றி விழுந்தார். அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். பெரியக்கா தைத்த விரிப்பின் மேலேயே அவர் படுத்திருந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு, பார்க்கலாம் என்றார்கள். மகள் வந்து சேர இரண்டு நாளாகும். துணி அறையிலிருந்து ஒவ்வொருவராக வந்து, "ஏதாவது வேணுமாக்கா?" என்று கேட்டார்கள். "ஒண்ணும் வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. அவள் எப்போதும் அப்படிச் சொல்கிறவள், எப்போதும் பார்த்துக்கொள்கிறவள்.

ரேடியோ வந்தாள். "என்ன வேண்டும், பெரியக்கா?"

"ஒண்ணும் வேண்டாம்."

அவள் போகவில்லை. சற்று நின்றுவிட்டு, "என்ன வேண்டும்?" என்றாள்.

"ஒண்ணும் இல்ல. நீ போய் வேலையைப் பாரு."

"மூன்றாம் முறை கேட்கிறேன்."

பெரியக்கா நகர்ந்து இடம் விட்டாள். "பயமா இருக்கு. கொஞ்ச நேரம் என் பக்கத்துல உட்காரு."

உட்கார்ந்தாள். மகள் வரும்வரை, வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அங்கேயே இருந்தாள். பேச எதுவும் இல்லாதபோது, தைத்த அந்தப் பயணப் புத்தகத்தை வண்டியிலிருந்து எடுத்து வந்து, தன் செய்திக் குரலில் சத்தமாகப் படித்தாள். இரண்டாம் நாள், ஒரு மலைப்பாதை பஸ்ஸைப் பற்றிய இடம் வந்தது. கண்மூடிக் கிடந்த கணவர் குழறலாகக் கேட்டார். "அந்த டிரைவர்... வளைவுல... எந்த கியர்ல ஏறினான்?"

பெரியக்கா அழுதுகொண்டே சிரித்தாள். "அதெல்லாம் போடலைங்க."

"டீச்சரம்மாதானே. கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றார் அவர்.

மெல்லத் தேறினார். இடது கை மட்டும் சற்றுத் தளர்ந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மலைப்பாதையை அவர் விடவில்லை. "நடக்கிற காலம் வரைக்கும்தான். ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாமா?" என்றார். அடுத்த வருஷம் பெரியக்கா ஓய்வு பெற்றாள். ரேடியோ விடுமுறைக்குத் தன் ஊருக்குப் போகும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ரேடியோவின் அண்ணன் வீட்டில் இறங்கினார்கள். சாப்பிடும்போது அந்த நாட்டில் பேசமாட்டார்கள் என்று ஆசிரியை எழுதியிருந்தார். இங்கே ஆளுக்கொரு பக்கம் கத்தியதில் காது அடைத்தது. "புத்தகத்துல வேற மாதிரி இருந்துதே?" என்றாள் பெரியக்கா. "அந்த ஆசிரியை என் அண்ணன் வீட்டுக்கு வரவில்லை" என்றாள் ரேடியோ.

அண்ணி தட்டோடு வந்தபோது, ஊர் மரியாதையைக் காட்ட வேண்டும் என்று பெரியக்கா அடக்கமாக "வேண்டாம்" என்றாள். அண்ணி உடனே தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெரியக்கா வெறும் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். விஷயம் என்னவென்றால், இவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தினால் சங்கடப்படுவார்கள் என்று ரேடியோ தன் வீட்டாருக்கு முன்கூட்டியே பாடம் நடத்தியிருந்தாள். உண்மை தெரிந்ததும் அந்த வீடே உருண்டு புரண்டு சிரித்தது. தட்டு குவியலாகத் திரும்பி வந்தது.

மறுநாள் மூவரும் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். அது ரேடியோவும் பார்த்திராத பக்கம். பிறந்த நாட்டிலேயே இப்படி ஒரு மலை இருப்பது, தமிழில் படித்த பிறகுதான் அவளுக்கே தெரியும். கணவர் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைப் பிடித்துக்கொண்டார். இவருக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவர் பாஷை தெரியாது. ஒவ்வொரு வளைவிலும் இவர் விரலால் கியரைக் காட்ட, அவர் தலையாட்ட, ஏற்றம் முடிவதற்குள் இருவரும் பல வருஷத்துக் கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள்.

பஸ் நின்ற இடத்துக்குச் சற்று மேலே, ஆசிரியை ரயிலைத் தவறவிட்ட ஸ்டேஷன் இருந்தது. கணவர் டிரைவரோடு பஸ்ஸிலேயே இருந்துகொள்ள, பெண்கள் இருவரும் ஏறிப் போனார்கள். ரயில் நின்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாம். டிக்கெட் கொடுத்த அறையில் ஒரு பெண் விதைக் கடை வைத்திருந்தாள். இவர்கள் எதற்கு வந்தார்கள் என்று ரேடியோ சொல்ல, அவளுக்கு நம்பவே முடியவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, டீ வைத்துக் கொடுத்தாள். நல்ல சூடு. பெரியக்கா டம்ளரை முந்தானையால் பிடித்துக்கொண்டு, புல் முளைத்த தண்டவாளத்தைப் பார்த்தாள். அந்த ஆசிரியை எந்த ஊர், என்ன பேர், இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. அட்டை கிழிந்ததில் பேர் போயே போய்விட்டது. தெரிந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

"யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கணும்" என்றாள்.

"யார்?" என்றாள் ரேடியோ.

"டீச்சரம்மாதான். அவங்க மெனக்கெட்டு உக்காந்து எழுதலைன்னா, நீ இன்னமும் ஜன்னலோரத்துல தனியாத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்ப."

ரேடியோ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே பஸ் ஹாரன் அடித்தது. அடித்த விதத்தைப் பார்த்தால், அது அந்த ஊர் டிரைவர் அடித்ததாகத் தெரியவில்லை.