சேகர் அண்ணனுக்கு நான் எழுதிய நற்சான்று

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, முவைலாவில் ஒரு கிடங்கின் பின்புறம் கிரிக்கெட் நடக்கும். மருந்துக்கும் புல் கிடையாது. மணலுக்கு நடுவே ஒரு சிமெண்ட் பட்டை, அதன்மேல் ஆணியடித்த பச்சைப் பாய். பந்து பாயின் நடுவில் விழுந்தால் ஓர் உயரம் எழும், ஓரத்தில் விழுந்தால் இன்னோர் உயரம். ராஸ் அல் கைமாவிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் எங்கள் கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். டைல்ஸ் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. என் கணவர் ஆடும் அணியின் ஸ்கோர் புத்தகம் அடித்தலும் திருத்தலுமாக இருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், இரண்டு வருடங்களுக்கு முன் அதை நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் விக்கெட் கீப்பர் சேகர் அண்ணன். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், வயது முப்பத்தாறு. ஆலையில் சூளை வாயில் சூடான டைல்ஸை இறக்கி அடுக்குகிறார். முதலில் அபுதாபியில் ஒரு கட்டட கம்பெனிக்கு ஆடினார், பிறகு அஜ்மானில், அப்புறம் இங்கே. அணி மாறுவது என்றால் இங்கே சட்டையை மாற்றுவது அல்ல, விசா தரும் முதலாளியான கஃபீலையே மாற்றுவது. விசாவைக் கேன்சல் செய்து, ஊருக்குப் போய், புது விசாவில் திரும்பி வர வேண்டும். ஆலைக்கு வந்திருந்த அமெரிக்கப் பொறியாளர் ஒருவர், தங்கள் நாட்டு பேஸ்பாலில் கேட்சர்களை அவர்களைக் கேட்காமலேயே இன்னோர் அணிக்கு மாற்றிவிடுவார்கள் என்று குறைபட்டுக்கொண்டார். இங்கே கெஞ்சிக் கேட்டாலும் மாற்றுவதில்லை என்றேன். அவர் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

போன மாதம் முவைலா கம்பெனி ஒன்று சேகர் அண்ணனைக் கேட்டது. வெள்ளிக்கிழமை கீப்பிங், மற்ற நாட்களில் ஏசி போட்ட கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. எங்கள் கம்பெனி ஆட்சேபணை இல்லை என்று என்.ஓ.சி. கொடுத்தால் போதும். கொடுக்காமல் அவராக விட்டுப் போனால் இந்த நாட்டில் வேலை செய்ய ஆறு மாதத் தடை. அதுவரை அந்த வேலை காத்திருக்காது. எங்கள் பெர்சனல் மேனேஜர் ஹானி எகிப்துக்காரர், கிரிக்கெட் பார்த்தே அறியாதவர். ஸ்கோர் எழுதுகிறவள் என்பதால் என்னைக் கூப்பிட்டு, இந்த ஆளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்.

டைல்ஸுக்கு எழுதுவது போலவே எழுதினேன். ஒன்று: ஸ்பின்னுக்கு ஸ்டம்பை ஒட்டி நின்று பிடிக்கும் கை, இந்த லீக்கில் வேறு யாருக்கும் இல்லை. இரண்டு: பாய் ஓரத்தில் எகிறும் பந்தை முன்கூட்டியே கணிக்கிறார். மூன்று: ஸ்டம்பிங்கில் அவசரப்படுவதில்லை. குறைகளையும் மறைக்கவில்லை: உயரமாகப் போகும் கேட்சில் தடுமாற்றம், பேட்டிங் சொல்லிக்கொள்ளும்படி இல்லை, வலது சுண்டுவிரல் இரண்டு முறை முறிந்து வளைந்திருக்கிறது. கடைசி வரியாக, இவர் இல்லாமல் நாங்கள் கோப்பை வென்றிருக்க மாட்டோம் என்று முடித்தேன். நல்லவரைப் பற்றி நன்றாக எழுதினோம் என்ற திருப்தி வேறு.

ஹானி கடைசி வரியை மட்டும் படித்திருக்க வேண்டும். "இவ்வளவு நல்லவனை நான் எதற்குக் கொடுக்க வேண்டும்? மாஃபி என்.ஓ.சி. கலாஸ்." கிடையாது, பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

திருச்சியில் பள்ளியை விட்டு வந்தபோது டி.சி.யில் 'நடத்தை: நன்று' என்று எழுதி, முத்திரை குத்தி, வாழ்த்தி அனுப்பினார்கள். கல்லூரியிலும் அப்படித்தான். நன்று என்று எழுதினால் கதவு திறக்கும் என்று பழகியவள் நான். இங்கே அதே சொல்லால் கதவைச் சாத்தியிருக்கிறேன். இரண்டு வாரமாக என் மேலேயே எனக்கு எரிச்சல். யோசிக்காமல் எழுதியிருந்தால்கூட மன்னித்துக்கொள்வேன். மூன்று முறை திருத்தி எழுதினேன்.

இந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சேகர் அண்ணன் முன்சீட்டிலிருந்து திரும்பினார். "மேடம், எம்மேல என்ன கோவம்? ரொம்ப நல்லா எழுதிப்புட்டீங்களாமே."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"பந்து கண்ணுக்குத் தெரியல, கை நடுங்குதுன்னு ரெண்டு வரி போட்டிருந்தா இந்நேரம் ஏசில உக்காந்து அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டு இருப்பேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு அந்தாளு வர்றாராம்ல. நாலு பந்தை விடுறேன். நீங்க புதுசா ஒண்ணு எழுதுங்க. இந்தத் தடவ நல்லா எழுதிராதீங்க."

ஹானி வந்துவிட்டார். என் எழுத்தைப் படித்ததால்தான் வந்திருக்கிறார், தன்னிடம் இருக்கும் பொருளைப் பார்க்க. மடக்கு நாற்காலியை என் பக்கத்தில் விரித்து, நம்முடையவன் எவன் என்று கேட்டார். காட்டினேன். எதிரணி, சேகர் அண்ணனைக் கேட்ட அதே முவைலாக்காரர்கள்தான்.

மூன்றாவது ஓவரில் ஒரு பந்து பேட்ஸ்மேனின் காலில் பட்டு லெக் பக்கம் வெகுதூரம் விலகிப் போனது. அதை யார் விட்டாலும் யாரும் குறை சொல்ல முடியாது. விட்டுவிடுங்கள் அண்ணா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவரும் விடத்தான் நினைத்திருப்பார். ஆனால் உடம்பு அதற்குள் பாய்ந்துவிட்டது. மணலைச் சீவிக்கொண்டு போய் ஒற்றைக் கையில் பந்தைப் பிடித்தார்.

எங்கள் ஆட்கள் கத்தினார்கள். வேலி ஓரப் பெஞ்சிலிருந்த முவைலாக்காரர்களும் எழுந்து கைதட்டினார்கள். ஹானி என் பக்கம் குனிந்து, இதற்கு எத்தனை மார்க் என்றார். ஒன்றுமில்லை என்றேன். பொய்யில்லை, பிடித்து நிறுத்திய அந்தப் பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் ஒரு சிறு புள்ளிதான். அவர் நம்பாமல் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

சேகர் அண்ணன் உடனே எழுந்திருக்கவில்லை. எங்கள் கம்பெனியின் பெயர் போட்ட முதுகு வெயிலில் கிடந்தது. பந்து இருந்த கை மட்டும் முவைலாக்காரர்களின் பெஞ்சை நோக்கி நீண்டிருந்தது.