ஆறு வண்டிகளும் நின்ற இடம்

கதை விடுகிறான் என்பீர்கள். விட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இது எனக்கு நடந்தது.

கிடங்குகளில் பெட்டி தூக்கும் ரோபோ வண்டிகளுக்கான மென்பொருள் ஒன்றை நான் கவனித்துக்கொள்கிறேன். இலவசம். நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம். ஏற்பது மட்டும் என் கையில். இந்த வண்டிகளுக்குத் தலைவன் கிடையாது. ஒன்று கண்டதைப் பக்கத்து வண்டியிடம் சொல்லும். இரண்டு வண்டிகள் ஒப்புக்கொண்டால்தான் திரையில் 'உறுதி' என்று வரும்.

'குருவி' என்ற பெயரில் முகம் தெரியாத ஒருவன் ஒரு திருத்தம் அனுப்பியிருந்தான். "கீழ உக்காந்தா வண்டி நம்மளப் பெட்டின்னு நெனச்சுத் தூக்க வருது. சீக்கிரம் சேத்துடுங்க சார்." போன மாதம் இணையக் குழுவில் நாலு பேர் முன்னால் என் நிரலில் நொட்டை சொன்னவன் அவன்தான். 'அப்புறம் பார்க்கலாம்' என்று கிடப்பில் போட்டேன். வேலைப்பளு எல்லாம் இல்லை. வெறும் வீம்பு.

அந்த ஞாயிறு, மதியம் 3.10. ஜன்னல் இல்லாத கிடங்கு. சோதனைக்கு ஆறு வண்டிகள் ஓடின. வேலிக்கு வெளியே நான் மட்டும்.

விர்ர்ர்... விர்ர்ர்...

சட்டென்று சத்தம் நின்றது.

ஆறும் வட்டமாக நின்றிருந்தன. நடுவில் வெறும் தரை. திரையில், 'மனிதர். உட்கார்ந்திருக்கிறார். உறுதி.'

என் மென்பொருளுக்கு உட்கார்ந்த மனிதரைத் தெரியவே தெரியாது. அது குருவியின் திருத்தத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதை நான் இன்னும் சேர்க்கவில்லை.

காவலாளிக்குப் போன் போட்டேன். "அண்ணே, உள்ள யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? சாவியே உங்ககிட்டதான இருக்கு."

ஒவ்வொன்றாகத்தான் அணைக்க வேண்டும். உள்ளே போனேன். ஒன்று... இரண்டு... ஐந்தையும் அணைத்துவிட்டேன்.

ஆறாவது மட்டும் மிச்சம். ஒற்றை வண்டியால் உறுதி சொல்ல முடியாது.

சொன்னது.

'உட்கார்ந்திருக்கிறார். உறுதி.'

நான் நின்றுகொண்டிருந்தேன்.

கூட ஒப்புக்கொண்டது யார்?

என் முழங்காலுக்குப் பக்கத்தில்... மூச்சு.

ஓடினேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் திருத்தத்தைச் சேர்த்தேன். குருவியின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தேன். எடுத்தது ஒரு பெண்.

"நான் அவன் அக்கா பேசறேன். தம்பி போய் நாலு நாளாச்சுங்க. வேலை செஞ்ச கிடங்குல, கீழ விழுந்ததை எடுக்க உக்காந்திருக்கான். வண்டி வந்து..."

அழுதார். எந்த மென்பொருள் என்று நான் கேட்கவில்லை. என் வீம்புக்கு ஓர் உயிர் போயிருக்கிறது.

அவரே தொடர்ந்தார். "அவன் விழுந்த எடத்தை எந்த வண்டியும் தாண்டலையாம். நாலு நாளா சுத்திச் சுத்தி நின்னுச்சாம். இன்னைக்கு மத்தியானம்தான் எல்லாம் பழையபடி ஓடுச்சாம். 'உங்க தம்பி கெளம்பிட்டான்மா'ன்னு கூட வேலை பார்க்கிறவங்க சொன்னாங்க. எங்க போனானோ..."

மூக்கை உறிஞ்சினார்.

"ஆமா, நீங்க யாருன்னு சொல்லலையே?"

போனை வைத்துவிட்டேன்.